வதந்திக்கு ஃபத்வா கொடுக்கலாமா?



சென்ற மாதம் இஷா தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வரும் நேரத்தில் ஒரு வியாபாரி என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். இரும்புக் கடை வைத்திருப்பவர். ஐந்து வேளை ஜமாஅத்தைத் தவற விடாதவர். ஜகாத்தைப் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். அவருடைய மகன் அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்கிறான்.

"ஹஜ்ரத், பையன் அங்கே ராத்திரியில ஏதோ ஷைத்தான் விளையாட்டு விளையாடுறானாம். ஜின்னைக் கூப்பிடுற ஆட்டமாம். அதை ஆடுன பசங்க எல்லாம் தற்கொலை பண்ணிக்கிட்டாங்களாம். வாட்ஸ்அப்புல வந்திருக்கு. பேசாம அவனைத் திரும்பக் கூப்பிட்டுடவா?" என்று கேட்டார். பேசும்போதே அவருக்குக் குரல் உடைந்தது.

பத்து இலட்சக்கணக்கில் செலவு செய்து படிக்க அனுப்பிய மகனை ஒரு வாட்ஸ்அப் செய்திக்காகத் திரும்ப அழைக்கத் தயாராகி விட்டார். ஈமான் மீது அவருக்கு உள்ள அக்கறை அப்படி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். "ஒரு வாரம் பொறுங்கள் பாய், விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். இருபது வருடங்களுக்கு முன்பாக இருந்திருந்தால் அங்கேயே, அந்தச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று கொண்டே, 'ஹராம்' என்று தீர்ப்புச் சொல்லியிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விசாரித்ததைக் கேள்.

அந்த விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கினார்கள். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, அந்த வேலை போன பிறகு வீட்டின் கீழ்த்தளத்தில் ஷூ பழுது பார்த்துக் குடும்பம் நடத்தியவர். முதல் பதிப்பு வெறும் 1000 பெட்டிகள். பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டிகளில் அடுக்கி விற்றார்கள். வியாபாரிகளான உங்களுக்கு இந்த ஆரம்பம் புரியும்.

விளையாட்டு இதுதான். நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்பவர். "நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார். மற்றவர்கள் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக் கொண்டு பதில் சொல்கிறார்கள். வேடம் என்றால் உடை மாற்றுவதல்ல, வாயால் சொல்வதுதான். ஒவ்வொருவரிடமும் ஒரு தாள். அதில் அந்த ஆளின் பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், பிறரைக் கவரும் தன்மை என ஆறு குணங்களுக்கு எண்கள். வெட்டிய வாள் பட்டதா, தவறியதா என்பதை 20 முகம் கொண்ட ஒரு பகடையை உருட்டி முடிவு செய்கிறார்கள். பணம் வைப்பதில்லை. ஜெயித்தவர், தோற்றவர் என்றும் இல்லை. ஒரு கதை மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் நடக்கும்.

ஜின்னும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை. தாளும் பென்சிலும் வாய்ப்பேச்சும் தான்.

அப்படியென்றால் தற்கொலைக் கதை எங்கிருந்து வந்தது? இங்கேதான் சகோதரனே, நீ கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தியை எழுதியவன் முஸ்லிம் அல்லன். அது 40 வருடத்துக்கும் மேல் பழமையான அமெரிக்கக் கிறித்தவப் பிரச்சாரம். 'சர்ச்' என்று இருந்த இடத்தில் 'பள்ளிவாசல்' என்றும், 'சாத்தான்' என்று இருந்த இடத்தில் 'ஜின்' என்றும் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

மாயமான மாணவனும் ஒரு தாயின் கண்ணீரும்

1979 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 16 வயது மாணவன் ஒருவன் காணாமல் போனான். அபார அறிவாளி, அதனால்தான் அந்த வயதில் பல்கலைக்கழகத்தில் இருந்தான். பெற்றோர் வில்லியம் டியர் என்ற தனியார் துப்பறிவாளரை நியமித்தார்கள். அந்தப் பையன் இந்த விளையாட்டை ஆடுபவன் என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்தின் அடியில் ஓடும் நீராவிக் குழாய்ச் சுரங்கத்துக்குள் நிஜமாகவே விளையாடப் போய்த் தொலைந்திருப்பான் என்று அவர் ஊகம் சொன்னார். ஊகம்தான்! மறுநாள் பத்திரிகைகளில் அது செய்தியாகி விட்டது. நாடு முழுவதும் பெற்றோர் நடுங்கினார்கள்.

ஒரு மாதத்தில் பையன் கிடைத்தான். உண்மை என்ன? தனிமை, மன அழுத்தம், போதைப் பழக்கம், பெற்றோரின் எதிர்பார்ப்பு என்ற சுமை. உயிரை விடும் நோக்கத்தில்தான் அவன் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தான். விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த விவரமெல்லாம் 1984ல் துப்பறிவாளர் தாமே எழுதிய நூலில்தான் வெளிவந்தது. அதற்குள் 1980லேயே அந்தப் பிள்ளை தன் உயிரை மாய்த்துக் கொண்டான். அவனைக் கொன்ற தனிமையைப் பற்றி யாரும் மாநாடு போடவில்லை. பகடையைப் பற்றித்தான் போட்டார்கள். 1981ல் இதே சாயலில் ஒரு நாவல். 1982ல் அது தொலைக்காட்சிப் படம். இன்றைக்கு உலகப் புகழ் பெற்ற டாம் ஹாங்க்ஸ், அன்று புத்தி பேதலித்த விளையாட்டுக்காரனாக நடித்தார். நடிப்பைப் பார்த்தவர்கள் அதையே சாட்சியாக்கிக் கொண்டார்கள்.

அதே 1982ல் விர்ஜீனியா மாநிலத்தில் பட்ரிசியா புல்லிங் என்ற தாய் தன் மகனைத் தற்கொலையில் பறிகொடுத்தார். பள்ளியில் விளையாடும்போது மகன் மீது ஒரு 'சாபம்' போடப்பட்டதே காரணம் என்று நம்பினார். பள்ளி முதல்வர் மீதும் விளையாட்டுக் கம்பெனி மீதும் வழக்குத் தொடுத்தார். 1984ல் வழக்கு தள்ளுபடியானது. 1983ல் இந்த விளையாட்டை எதிர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பையும் தொடங்கினார். பிள்ளையை இழந்த தாயை நோக்கிக் கல்லெறிய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தாயின் துக்கத்தை மூலதனமாக்கி ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சும்மா விட முடியாது. 1984ல் ஜாக் சிக் என்பவர் ஒரு படக்கதைத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். விளையாட்டில் தன் வேடம் செத்துப் போனதற்காக ஒரு பெண் தூக்குப் போட்டுக் கொள்கிறாள். இன்னொரு பெண்ணுக்கு நிஜ சூனியம் கற்றுக் கொடுக்கப்படுகிறது. கடைசியில் அவள் மனம் திருந்தி எல்லாப் புத்தகங்களையும் எரிக்கிறாள். நம் ஊரில் பேருந்து நிலையத்தில் கையில் திணிப்பார்களே, அந்த மாதிரிப் பிரசுரம்தான். 1985ல் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இதைக் கையில் எடுத்தது.

சர்ச்சுகளில் பிரசங்கம். சில ஊர்களில் புத்தக எரிப்பு. அந்த நாட்களில் அங்கே வளர்ந்த பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் 'இது நரகத்தின் வாசல்' என்கிறார். சனிக்கிழமை இரவு நண்பன் வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து சிரித்துக் கொண்டே டிராகனை வெட்டியிருக்கிறார்கள். நரகத்தின் வாசனை எதுவும் அங்கே வந்ததாக அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. எனவே அவன் என்ன முடிவுக்கு வருவான்? 'பாதிரியாருக்கு விஷயம் தெரியாது' என்ற முடிவுக்கு வருவான். புத்தகத்தை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைப்பான். பாதிரியாருக்கு இந்த விஷயம் தெரியாது என்று கண்டவன், மற்ற விஷயமாவது தெரியுமா என்று ஒருநாள் கேட்பான். சாத்தானைத் துரத்துகிறேன் என்று கிளம்பியவர்கள் பிள்ளைகளைத் துரத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், விளையாட்டை உருவாக்கிய கைகாக்ஸே கிறித்தவர். ஒரு காலத்தில் 'யெகோவாவின் சாட்சிகள்' சபையில் இருந்தவர். இந்த விளையாட்டுக்காக 1984ல் வெளிவந்த புகழ் பெற்ற 'டிராகன்லான்ஸ்' கதைத் தொடரின் பின்னணியில் இருந்த டிரேசி ஹிக்மன், இளமையில் மார்மன் மதப் பிரச்சாரகராக இந்தோனேசியாவில் ஊழியம் செய்தவர். பத்து வயதில் தந்தையையும் இரண்டு சகோதரர்களையும் 1974ல் விமான விபத்தில் இழந்த ஸ்டீபன் கோல்பேர், இளமையில் இந்த விளையாட்டில் ஊறியவர். பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய நகைச்சுவையாளர் ஆனார். தன் கத்தோலிக்க நம்பிக்கையை மறைக்காதவர். சூனியக்காரர்கள் பட்டியலில் எத்தனை மதப் பற்றாளர்கள், பார்த்தாயா?

விளையாட்டு ஒழிந்ததா என்றால், இல்லை. 1979 பரபரப்புக்குப் பிறகு விற்பனை ஏறியது. 'இதைத் தொடாதே' என்று மேடை போட்டுச் சொன்னால் இளைஞன் எதை முதலில் தொடுவான் என்று கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாதா! கம்பெனி இன்னொரு தந்திரமும் செய்தது. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களை நீக்கிவிட்டு 'தனாரி', 'பாட்டெசு' என்று புதிய பெயர்களை ஒட்டியது. சரக்கு அதே சரக்கு. லேபிள் மட்டும் வேறு. கூச்சல் அடங்கிய பிறகு 2000ல் பழைய பெயர்களே திரும்ப வந்து விட்டன.

மைக்கேல் ஸ்டாக்போல் என்பவர் 1990ல் ஓர் அறிக்கை எழுதினார். அவரும் இத்தகைய விளையாட்டுகளை எழுதுபவர்தான். அதனால் அவர் கட்சிக்காரர் என்பதை மனதில் வைத்துக் கொண்டே படிக்க வேண்டும். ஆனால் அவருடைய வாதம் எளிமையான கணக்கு. இலட்சக்கணக்கான இளைஞர்கள் இதை ஆடுகிறார்கள். அந்த வயதில் உள்ள எந்தக் கூட்டத்திலும் துரதிர்ஷ்டவசமாகச் சில தற்கொலைகள் நிகழத்தான் செய்யும். எதிர்ப்பாளர்கள் திரட்டிய பட்டியலை எடுத்துக் கொண்டால்கூட, பொதுவான விகிதத்தை விட அது குறைவு. செத்தவன் வீட்டில் பகடை இருந்தது என்பது காரணமாகாது. கடிகாரமும்தான் இருந்தது.

கறுப்புச் சட்டையும் தாடியும்

'இருந்துவிட்டுப் போகட்டும், கிறித்தவர்கள் தங்களுக்குள் அடித்துக் கொண்டால் நமக்கென்ன?' என்று நீ நினைக்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது.

அந்த 'சாத்தான் பீதி' விளையாட்டோடு நிற்கவில்லை. 1993ல் ஆர்க்கன்சா மாநிலத்தில் வெஸ்ட் மெம்பிஸ் ஊரில் 8 வயதுச் சிறுவர்கள் மூவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். போலீஸ் மூன்று வாலிபர்களைப் பிடித்தது. அவர்களில் ஒருவன் கறுப்பு உடை போடுவான், ஒருவகை இரைச்சல் இசை கேட்பான், மாந்திரீகம் பற்றிய புத்தகம் படிப்பான். 'சாத்தான் வழிபாட்டு நிபுணர்' ஒருவர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். 1994ல் ஒருவனுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கு ஆயுள். பின்னாளில் டி.என்.ஏ. சோதனையில் கொலை நடந்த இடத்துத் தடயம் எதுவும் அவர்களோடு பொருந்தவில்லை. 2011ல் வெளியே வந்தார்கள். அப்போதும் அரசு அவர்களை நிரபராதிகள் என்று அறிவிக்கவில்லை; குற்றமற்றவர்கள் என்று தாங்கள் சொல்லிக் கொண்டே குற்ற ஒப்புதலில் கையெழுத்துப் போடும் விசித்திரமான ஓர் ஏற்பாட்டில்தான் விடுதலை. 18 வருடங்கள் போய் விட்டன.

கறுப்புச் சட்டை என்ற இடத்தில் தாடியையும் தொப்பியையும் வைத்துப் பார் சகோதரனே! இரைச்சல் இசை என்ற இடத்தில் அரபி எழுத்துள்ள புத்தகத்தை வைத்துப் பார். கோவை வழக்கில் 1998ல் கைது செய்யப்பட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாமீன் இல்லாமல் சிறையில் இருந்து, 2007ல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவிக்கப்பட்ட அப்துந் நாசர் மஃதனியை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'இவன் பார்க்க அப்படி இருக்கிறான், இவன் படிப்பது அப்படி இருக்கிறது, எனவே இவன்தான் செய்திருப்பான்' என்ற வாதத்தால் இந்த நாட்டில் அதிகம் அடிபட்ட கூட்டங்களில் ஒன்று நாம். அதே வாதத்தை நம் வீட்டுப் பிள்ளை மீது நாமே பிரயோகிப்பதா?

இன்னொரு செய்தி. இந்த விளையாட்டை ஆடுவோர் நம்பகத்தன்மையில் குறைந்தவர்கள் என்று கருதி இஸ்ரேல் ராணுவம் இரகசியப் பணிகளில் தடை போடுவதாக 2005ல் அந்நாட்டு ஊடகமே எழுதியது. நம்மவர் சிலரும் இஸ்ரேல் ராணுவமும் ஒரே கருத்தில் இருக்கும் அபூர்வ விஷயம் இதுவாகத்தான் இருக்கும்!

என் பங்குக்கு நான் செய்த பாவம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். மதரஸாவில் பட்டம் வாங்கி வெளியே வந்த புதிது. ஒரு மஹல்லாவில் இமாமாகவும் மக்தப் ஆசிரியராகவும் இருந்தேன். 'போக்கிமான்' கார்ட்டூன் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டிய காலம். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வட்டமான அட்டை வரும். அதைச் சேர்ப்பதற்காகவே சிப்ஸ் வாங்குவார்கள். 2001ல் சவூதி அரேபியாவில் அதற்கு எதிராக ஃபத்வா வந்திருந்தது. சூதாட்டத்துக்கு ஒப்பாக இருப்பது, அட்டைகளில் உள்ள சின்னங்கள் என்று காரணங்கள் சொல்லியிருந்தார்கள். அவை ஆலிம்கள் எடை போட வேண்டிய விஷயங்கள். ஆனால் அதோடு அரபு நாடுகளில் ஒரு வதந்தியும் சுற்றியது: ஜப்பானிய மொழியில் 'போக்கிமான்' என்றால் 'நான் யூதன்' என்று பொருளாம்!

நான் ஜும்ஆ மேடையில் எதைச் சொன்னேன் தெரியுமா? ஆலிம்களின் காரணங்களை விட்டுவிட்டேன். வதந்தியைச் சொன்னேன். அதுதான் கூட்டத்தை உலுக்கும். உலுக்கியது. மறுநாள் மக்தபில் பிள்ளைகளின் பைகளைச் சோதித்தேன். அட்டைகளைப் பிடுங்கி, எல்லோருடைய கண் முன்னாலும் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஒரு பையன் மட்டும் அழவில்லை. என்னையே பார்த்துக் கொண்டு நின்றான்.

'பாக்கெட் மான்ஸ்டர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்தான் 'போக்கிமான்'. இதை எனக்குச் சொன்னவன் அந்தப் பையன்தான். எப்போது? பல வருடங்களுக்குப் பிறகு, அவன் செல்போன் கடை வைத்து, நான் ரீசார்ஜ் செய்யப் போன அன்று. "அன்னிக்கே எனக்குத் தெரியும் அஜ்ரத். பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. சொன்னா அடிப்பீங்கன்னு சொல்லலை" என்றான். அவன் சிரித்துக் கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு தீயவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்து பிறகு வருந்த வேண்டி வரும் என்ற கருத்துள்ள திருக்குர்ஆனின் 49:6 வசனத்தை நான் அன்று மனப்பாடமாக வைத்திருந்தேன். கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதுமானது என்ற நபிமொழியை (முஸ்லிம்) மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருந்தேன். நடத்தி என்ன பயன்?

பிற்பாடு 2017ல் 'நீலத் திமிங்கலம்' என்ற செல்போன் விளையாட்டு பீதி தமிழகத்தைப் பிடித்தபோது, மதுரைக்கு அருகே ஒரு கல்லூரி மாணவர் இறந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். பல ஜும்ஆ மேடைகளில் அன்று அதுதான் பயான். நான் பேசவில்லை. அந்த மரணங்கள் எதிலும் அந்த விளையாட்டின் தொடர்பை நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நான் பேசாமல் இருந்ததற்கு அறிவு காரணமல்ல; அந்தப் பையனின் பார்வைதான் காரணம்.

அப்படியானால் எல்லாம் ஆகுமானதா?

'ஹஜ்ரத் பச்சைக் கொடி காட்டி விட்டார்' என்று கிளம்பி விடாதே. மார்க்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் போகிறேன்.

முதலாவது பகடை. 'நர்தஷீர்' எனும் பகடையாட்டத்தை ஆடுபவன் பன்றியின் மாமிசத்திலும் இரத்தத்திலும் கையை நனைத்தவனைப் போன்றவன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிம் நூலில் இருக்கிறது. பணம் வைக்காவிட்டாலும் கூடாது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஷாஃபி மத்ஹபில் மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தியவர்களும் உண்டு. கதையில் வாள் பட்டதா என்று பார்க்க உருட்டும் பகடை அந்த ஆட்டத்தின் சட்டத்தில் சேருமா என்று கேட்டால், ஒதுங்கிக் கொள்வதே பேணுதல் என்பது என் கருத்து.

இரண்டாவது தெய்வங்கள். 1980ல் இந்த விளையாட்டுக்காக வந்த ஒரு நூலில் கிரேக்க, எகிப்திய, இந்தியத் தெய்வங்களையெல்லாம் எண்கள் போட்டுப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வேடத்துக்காகத்தான் என்றாலும் ஒரு பொய்த் தெய்வத்தை நோக்கிப் பிரார்த்திப்பதாகத் தன் வாயால் சொல்வதை ஒரு முஃமின் எப்படி இலேசாக எடுத்துக் கொள்வான்? அந்தப் பூசாரி வேடம் நமக்கு வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சூனியம் கற்பது குஃப்ர் என்பதும் 2:102 வசனத்தை ஓதியவனுக்குத் தெரியும். ஆனால் கதையில் வரும் மந்திரவாதி கற்றுத் தருவது சூனியமா என்று கேட்டால், அந்தப் புத்தகங்களில் இருப்பது எண்களும் விதிகளும்தான். அதை வைத்து ஒரு கொசுவைக்கூட மயக்க முடியாது. மூன்றாவது நேரம். இரவு 2 மணி வரை டிராகனை வெட்டிவிட்டு ஃபஜ்ரைக் கோட்டை விட்டால், டிராகன் ஜெயித்து விட்டது என்று அர்த்தம்.

இவை மூன்றும் உள்ளதை உள்ளபடி பார்த்துச் சொல்லும் ஆட்சேபணைகள். ஆடுகிறவனே கேட்டால் 'ஆமாம், அது இருக்கிறது' என்று ஒப்புக் கொள்வான். அவனோடு பேச முடியும். 'ஜின் வரும், தூக்கில் தொங்குவாய்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்து விட்டது.

கற்பனையே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அது எங்கிருந்து எடுத்த சட்டம்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை கட்டிய குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். அபூதாவூதில் இருக்கிறது. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளியில் ஈட்டி விளையாட்டு ஆடியதும், அதை அன்னையவர்கள் பார்க்க நபியவர்களே மறைத்து நின்றதும் புகாரியில் இருக்கிறது. இந்த ஹதீஸ்களை ஓதும்போது மட்டும் நாம் வேகமாக ஓதி விடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

'அப்படியானால் கிஸ்ஸாக்களை மட்டும் ஏன் எதிர்த்தீர்கள்?' என்று ஒரு பெரியவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. சைத்தூன் கிஸ்ஸா போன்றவற்றை நம் பாட்டிமார் வீடுகளில் பாடினார்கள். நாம் எதிர்த்தோம். கதை என்பதற்காக அல்ல. கதையை வரலாறு என்றும், ஓதினால் நன்மை என்றும் மார்க்கத்தின் பெயரால் சொன்னதற்காக. கதையைக் கதை என்று தெரிந்தே சொல்பவன் யார் மீதும் பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டிமாரிடம் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

விசாரணையின்போது எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். முஹம்மத் அப்துர் ரஹ்மான் பார்க்கர்! அமெரிக்காவில் 1929ல் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் மொழி ஆராய்ச்சிக்காக இந்தியா வந்தவர் இஸ்லாத்தைத் தழுவினார். அமெரிக்கர்கள் உருது கற்கப் பாடநூல் எழுதினார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 'டெகுமெல்' என்று ஒரு முழு உலகத்தையே, அதற்கென்று தனி மொழியோடு கற்பனை செய்தார். 1975ல் அது விளையாட்டாக வெளிவந்தது. இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடிகளில் ஒருவர் முஸ்லிம்! 'இஸ்லாத்தை ஏற்ற பிரபலங்கள்' பகுதிக்கு எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்து விட்டேன்.

இன்னும் இரண்டு பக்கம் படித்திருக்கிறேன். பார்க்கர் 2012ல் இறந்தார். பத்து வருடம் கழித்து, 2022ல், அவருடைய படைப்புகளை நிர்வகிக்கும் அறக்கட்டளையே ஓர் உண்மையை ஒப்புக் கொண்டது. 1991ல் புனைபெயரில் வெளிவந்த, நாஜிகளைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு நாவலை எழுதியவர் இவர்தான். யூதப் படுகொலையை மறுக்கும் பத்திரிகை ஒன்றின் ஆலோசனைக் குழுவிலும் இருந்திருக்கிறார். பேனாவை மூடி வைத்தேன்.

கவனித்தாயா? பத்து வருடங்களுக்கு மேல் சர்ச்சுகள் பகடைக்குள் பிசாசைத் தேடின. நிஜமான விஷம் வேறொரு பெயரில், சாதாரண நாவலாக, யாரும் எரிக்காமல் கடையில் இருந்தது. நாமும் ஒரு பெயரைப் பார்த்த மாத்திரத்தில் மாலை போடப் போகிறோம். பெயரைப் பார்த்துக் கல்லெறிவதும் பெயரைப் பார்த்து மாலை போடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு கைகள். (அரபு நாட்டுச் சூழலில் 1992ல் அந்தக் கம்பெனியே 'அல்-கதீம்' என்று ஒரு தொடர் வெளியிட்டது, ஆயிரத்தொரு இரவுகளின் ஜின்களும் கம்பளங்களும் அதில் உண்டு. அதைப் பற்றிப் பெருமைப்படவும் வேண்டாம், கொடி பிடிக்கவும் வேண்டாம்.)

சரி, அந்த இரும்புக் கடைக்காரருக்கு என்ன சொன்னேன்? "பையனோடு நான் பேசலாமா?" என்று கேட்டேன். "நீங்க பேசினா இன்னும் பயந்துடுவான்" என்றார். நாம் இளைஞர்களிடம் சம்பாதித்து வைத்திருக்கும் பெயர் அது. பரவாயில்லை என்று எண்ணை வாங்கினேன்.

பையன் முதலில் அளந்து அளந்துதான் பேசினான். நான் ஆறு குணங்களையும் 20 முகப் பகடையையும் சொன்னதும் எதிர் முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கொட்டினான். புது ஊர், கடுங்குளிர், பேச ஆளில்லாமல் முதல் ஆறு மாதம் அறையிலேயே கிடந்திருக்கிறான். வகுப்பில் ஒருவன் அழைத்திருக்கிறான். வாரத்துக்கு ஓர் இரவு. மது இல்லாத மேஜை என்பதால்தான் அங்கே போய் உட்கார்ந்தேன் என்றான். ஆறு மாதம் மகன் அறையிலேயே கிடந்தது வாப்பாவுக்குத் தெரியாது. விளையாட்டு மட்டும் தெரியும்.

பகடை பற்றிய ஹதீஸைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. பகடையே இல்லாமல் ஆடும் விளையாட்டுகளும் உண்டு, 1991லேயே 'ஆம்பர்' என்று ஒன்று வந்திருக்கிறது, நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். "நம்பர் போட்ட சீட்டுக் குலுக்கினா பரவாயில்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டான். அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. உஸ்தாதிடம் கேட்டிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ் சொல்வேன். பூசாரி வேடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அது நான் எடுக்கிறதில்லை ஹஜ்ரத். முதல் நாளே வேணாம்னுட்டேன். நான் வில்லாளி" என்றான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே எடுத்த முடிவு.

மறுநாள் அஸருக்குப் பிறகு கடைக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அந்த ஆறு மாதத்தையும் சொன்னேன். டீயை வைத்துக் கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். கடைப் பையன் வந்து முறுக்குக் கம்பிக்கு விலை கேட்டுப் போனான். பிறகுதான் நிமிர்ந்தார்.

"வில்லாளியா?" என்றார். "குறி தப்பாம அடிக்கிறானாமா?"